பார்த்தும் சொல்லாதவர்

வேலையில் சேர்ந்த முதல் நாள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். தஞ்சாவூர் கீழவாசலில் ஓர் உரக்கடையின் மாடி. படியேறும்போதே யூரியா வாடை மூக்கில் ஏறும். மாடியில் ஐந்தாறு கணினிகள், மூலையில் தண்ணீர்ப் பானை, சுவரில் மெக்கா படம் போட்ட காலண்டர். பாபநாசத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் எங்களுடையது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அந்தச் சுடிதாரை எடுக்க அம்மாவும் நானும் தஞ்சாவூருக்கு வந்து ஒரு பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தோம்.

அன்று முழுக்க, அங்கே புரோகிராம் எழுதுகிற சாருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவரோடு வங்கிக்கு நடந்துபோனேன். அவர் பின்னால் வந்தார், நான் முன்னால் நடந்தேன். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். அங்கே சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கணினிப் படிப்பு படித்த பெண்ணைப் பார்த்தால் அப்படித்தான் சிரிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அம்மா ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, முதுகுல அட்டை தொங்குது பாரு."

துணிக்கடையின் விலைச்சீட்டு. ஆடித் தள்ளுபடி என்று சிவப்பு மையில் போட்டு, பழைய விலையை அடித்து, புது விலையைப் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும் சார் கேட்டார்: "அந்தச் சீட்டைக் கழட்டிட்டியாம்மா?"

"பாத்தீங்களா சார்?"

"நீ நேத்து படியேறி வரும்போதே பாத்தேனே."

இட்லி சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். குத்தல் எதுவும் அதில் இல்லை. அந்தக் குரலைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் டெல்டாவில் பாதி அரிசி ஆலைக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முன்னால் லேசாகத் தள்ளிய தொப்பை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. திருவையாற்றுப் பக்கம் போனால் அசோகா அல்வா வாங்கிவந்து, வாழையிலையைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, எல்லோருக்கும் தன் கையால் வைத்துக் கொடுப்பார். கூட்டுகிற அம்மாவுக்கு முதலில் கொடுப்பார்.

எங்கள் அலுவலகத்தின் சோறு அவர் எழுதிய ஒரு புரோகிராம். ஆலைக் கணக்கு என்று அதைச் சொல்வோம். நாட்டின் சந்தை வெளிநாட்டுக்குத் திறந்துவிடப்பட்டு, ஆலைக்காரர்கள் சீமை மெஷின்களை இறக்கி, ஆபீஸ் அறைக்கு ஏசி மாட்டிக்கொண்ட காலத்தில் அதை எழுதினார். வந்த நெல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அரைத்தால் அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு என்று ஒரு மணி தப்பாமல் சொல்லும். மின்சாரம் போனாலும் அடித்த கணக்கு அழியாது. பிளாப்பிகளை டிபன் பாக்ஸில் வைத்து மூடி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று பேருந்து ஏறிப்போய் ஒவ்வோர் ஆலையிலும் அவரே போட்டுக் கொடுத்துவிட்டு வருவார். அதில் அவருக்கு இணை கிடையாது. எந்தப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர் திரையைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போகும்போதே பார்த்துவிடுவார்.

பார்ப்பார். சொல்ல மாட்டார்.

நாம் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால், அது ஆலைக்குப் போய், அங்கே குமாஸ்தா முன்னால், முதலாளி முன்னால் வெடிக்கும்வரை காத்திருப்பார். தொலைபேசி வரும். நாம் பதறுவோம். அப்போது எழுந்து வந்து, தோளுக்குப் பின்னால் நின்று, "அந்தப் பதினாலாவது வரியைப் பாரு" என்பார். வரி எண்ணோடு ஞாபகம் வைத்திருப்பார்.

அவரிடம் ஓர் அடையாளம் இருந்தது. யாருடைய தப்பையாவது பார்த்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். என்னோடு வேலை பார்த்த வல்லத்துப் பெண்தான் அதைக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு எங்களுக்கு வாழ்க்கை கொஞ்சம் லேசானது. "சார் துடைச்சாரா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். துடைத்தார் என்றால் அன்று எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படிப்போம். தப்பு கிடைத்துவிடும்.

அது அவருக்குத் தெரிந்துவிட்டது. துடைப்பதை நிறுத்திவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். நிறுத்தவில்லை. ஒருநாள் அந்தப் பெண்ணின் மேஜையைக் கடக்கும்போது கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக, இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுப் போனார். அவள் தேடினாள். கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேடினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனாள். கடைசியில் அழுதுகொண்டே அவரிடம் போய் நின்றாள்.

"என்ன தப்பு சார்? சொல்லிடுங்க சார்."

"தப்பு ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே எழுதியிருக்க."

"அன்னைக்குக் கண்ணாடியைத் துடைச்சீங்களே சார்?"

"தூசி," என்றார்.

அடுத்த மாதம் அவள் நின்றுவிட்டாள்.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். கடலோரப் பக்கத்துக்காரர். சவூதியில் பல வருஷம் கடையில் நின்று, திரும்பி வந்து, கணினியில் எதிர்காலம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இந்த மாடியைப் பிடித்தவர். கணினி பற்றி ஒன்றும் தெரியாது, மனிதர்களைத் தெரியும். சாரின் இந்தக் குணத்தைப் பற்றி நாங்கள் முறையிட்டால், "வேலைக்காரன்மா அவரு. கொஞ்சம் அப்படித்தான் இருப்பாரு. பொறுத்துக்கங்க" என்று சமாதானம் சொல்வார். அந்தச் சமாதானம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் முடிந்தது.

சாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு ஒரே தம்பி. துபாயில் வேலை என்று ஏற்பாடாகி, அப்பாவின் நிலத்தில் ஒரு பங்கை விற்று ஏஜென்டுக்குக் கட்டி, விசாத் தாள் வந்திருந்தது. வந்த அன்றே அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து, மாமாவான சார் கையில் கொடுத்துக் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு போனான் தம்பி. ஒரு மாதத்துக்கும் மேலே கழித்து ஊரே ஒரு வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையத்துக்குப் போய் மாலை போட்டு அனுப்பியது. அதே வேனில் அவன் திரும்பி வந்தான். விசாவில் பிறந்த வருஷம் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் வேறாகவும் இருந்ததாம். திருத்தி வாங்கலாம் என்று ஏஜென்டைத் தேடிப் போனால், அதற்குள் அந்த ஆள் கடையைக் காலி செய்திருந்தான்.

இதை எங்களுக்குச் சொன்னது சார்தான். எல்லோரும் டப்பாவைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தோம்.

"அடப்பாவமே," என்றார் பாய். "யாருமே கவனிக்கலையா?"

"நான் பாத்தேனே," என்றார் சார். "கையில கொடுத்த அன்னைக்கே பாத்தேன். எழுபத்தொம்பதுன்னு இருக்க வேண்டியது எழுபத்தாறுன்னு இருந்துச்சு."

பாய் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"சொல்லலையா நீங்க?"

"அவன் கையிலதானே இருந்துச்சு பாய். ஒரு மாசம் வெச்சிருந்தான். படிச்ச பையன். தன் பொறந்த வருஷம் தனக்குத் தெரியாதா?"

பாய் எழுந்துவிட்டார். எச்சில் கையோடு நின்றார். "விமானம் ஏறப் போறவன திருப்பி அனுப்புனா என்னான்னு தெரியுமா சார் உங்களுக்கு? நான் பாத்திருக்கேன். அங்க வரிசையில எனக்கு முன்னாடி நின்னவன் கக்கூசுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு வரவே மாட்டேன்னுட்டான். நீங்க மனுஷனா?"

சார் கோபப்படவில்லை. ஊறுகாய்ப் பொட்டலத்தை மடித்து மூடினார். "அடுத்த தாளை அவன் ஒழுங்கா படிப்பான் பாய்," என்றார்.

தம்பிக்கு அடுத்த தாள் வரவில்லை. திருப்பூருக்குப் போனான் என்று கேள்வி. அக்கா வீட்டுப் படியை அவன் பிறகு மிதிக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சார் வெளியே போயிருந்தார். அடுப்படியில் நின்றபடி நானாகத்தான் தம்பி பேச்சை எடுத்தேன்.

"எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும்மா," என்றார் அக்கா. "சாப்பிடும்போது சொன்னாரு. நான் ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்."

பாய் அன்றைக்கே சாரை அனுப்பியிருப்பார். முடியவில்லை. புரோகிராமின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஓர் ஆலையில் கணினி மாற்றினால் அவர் போனால்தான் அது ஓடும். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிராட்பேண்ட் வந்த புதிது.

"ஏம்மா, இப்பல்லாம் இன்டர்நெட்லயே புரோகிராமை இறக்கிப் போட்டுக்கறாங்களாமே. நம்ம ஆலைக் கணக்கையும் அப்படிப் பண்ண முடியுமா? ஒரு இடத்த அமுக்குனா அதுவா இறங்கி அதுவா உக்காந்துக்கணும். நாம யாரு கையையும் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

யார் கை என்று அவர் சொல்லவில்லை. முடியும் என்று நான் சொன்னேன். அடுத்து வந்த மாதங்களில் நான் செய்தது அந்த ஒரு வேலைதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரோகிராம் என்பது ஒரே பொருள். உண்மையில் அது ஒரு குடித்தனம். தனக்கு வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளைக் கணினியின் மூலைமுடுக்கெல்லாம் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கையை நீட்டி எடுத்துக்கொள்ளும். தேதி காட்ட ஒன்று, கட்டம் கட்டமாகக் கணக்கு காட்ட ஒன்று, பில் அடிக்க ஒன்று. சார் நேரில் போகும்போது இதையெல்லாம் அந்தந்த இடத்தில் அவரே வைத்துப் பதிவு செய்துவிட்டு வருவார். இணையம் வழியாக இறங்குகிற புரோகிராமுக்கு அந்தச் சலுகை கிடையாது. கணினியின் மற்ற இடங்களைத் தொடாமல், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எது எங்கே இருக்கிறது என்று அதற்குள்ளேயே எழுதி வைத்துவிட வேண்டும். வீடு மாறுகிறவர்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போய், அங்கே காய் நறுக்க உட்காரும்போதுதான் அரிவாள்மணையை விட்டுவிட்டு வந்தது தெரியும். அப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றாகக் கட்டினேன்.

சாரிடம் கேட்டால் பதில் சொல்வார். கேட்ட கேள்விக்கு மட்டும். "பில் அடிக்கிற கோப்பு எது சார்?" என்றால் பெயரைச் சொல்வார். "இவ்வளவுதானா சார், வேற எதாவது விட்டுட்டேனா?" என்றால், "நீதானேம்மா கட்டுற" என்பார். சில நாள் நான் வேலை செய்வதை அவர் தன் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தால் தப்பா தூசியா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். ஓடியது. கீழே இறங்கி இரண்டு பிரவுசிங் சென்டர்களில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஓடியது. பாய் கண்ணை மூடிக் கையேந்தி ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு ஆலைக்காரர்களின் கூட்டம் நடக்கிற நாளில், தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு செய்தார்.

அம்மாவும் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மண்டபத்தின் வாசல் பக்கம், செருப்பு விடுகிற இடத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

மேடையில் பெரிய திரை. கீழே வெள்ளைச் சட்டைகளாக ஆலைக்காரர்கள். சார் முதல் வரிசையில், பஜ்ஜித் தட்டோடு. எங்கள் கணினியில் காட்டுவதாகத்தான் இருந்தது. மன்னார்குடிப் பக்கத்து ஆலைக்காரரின் மகன் சிங்கப்பூரில் வேலையாக இருந்தவன், விடுமுறையில் வந்திருந்தான். அப்பாவுக்காக வாங்கிவந்த புது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேடையேறினான்.

"தங்கச்சி, இதுல போட்டுக் காட்டுங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் வரும்னுதானே சொல்றீங்க."

போட்டேன். இறங்கியது. எல்லோரும் திரையில் அந்தப் பச்சைக்கோடு நீள்வதைப் பார்த்தார்கள். நிறுவிக்கொண்டது. திறந்தது. யாரோ கைதட்டினார்கள்.

பழைய தமிழ் புரோகிராம்களில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் எழுத்துரு ஒன்று அதன்மேல் முகமூடி போல உட்கார்ந்து தமிழாகக் காட்டும். அந்த எழுத்துருதான் ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் வைத்திருந்தது. தஞ்சாவூரில் அது இல்லாத கணினியே கிடையாது. அதனால் அது என் மூட்டையில் இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. சிங்கப்பூரில் வாங்கிய கணினியில் அது எப்படி இருக்கும்? திரையில் "நெல் வரவு" என்று வர வேண்டிய இடத்தில் "ney; tuT" என்று வந்தது. ஆலைகளின் பெயர், முதலாளிகளின் பெயர், மூட்டைக் கணக்கு எல்லாம் அதே கதி. ஆளுயர எழுத்தில்.

"என்னம்மா இது, சிங்கப்பூர் பாஷையா?"

"நெல்லு வரும்னு பாத்தா மணி இல்லாத கருக்காயால்ல கொட்டுது!"

மண்டபமே சிரித்தது. நான் மூடித் திறந்தேன். மறுபடியும் அதேதான். அவசரத்தில் மைக்கைத் தட்டிவிட்டேன், அது கிறீச்சிட்டது, அதற்கும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து என் ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னேன். தெருவைக் கேட்டார். அதையும் சொன்னேன்.

"அதானே பாத்தேன்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதற்குச் சிலர்தான் சிரித்தார்கள். வாசல் பக்கம் பார்த்தேன். அம்மா அங்கே இல்லை.

அப்போதுதான் சார் எழுந்தார். தட்டைக் கீழே வைத்து, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்து, மேடைக்கு வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனாவுக்கு நடுவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. எழுத்துரு. போட்டார். திரை தமிழானது. மண்டபம் அவருக்குக் கைதட்டியது. "சார் வந்துதான் போடணும், அதான் நமக்குச் சரி," என்றார் மன்னார்குடிக்காரர். பாய் தலையைக் குனிந்துகொண்டு முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தின் பின்கட்டில், அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்த இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"நீ மூட்டை கட்ட ஆரம்பிச்சப்பவே தெரியும்."

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? நான் சொன்னது தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதானே," என்றார். பிறகு, அதே மென்மையான குரலில், "பஜ்ஜி நல்லா இருக்கு, சாப்பிட்டியா?" என்றார்.

அந்த வேலையை நான் முடித்தேன். விண்டோஸிடம் கையேந்தாமல், திறக்கும்போதே எழுத்துருவைப் புரோகிராம் தன்னோடு எடுத்து வைத்துக்கொள்ளும்படி எழுதினேன். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் இறங்கினாலும் நெல் நெல்லாகவே வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. ஆனால் பாய்க்கு அந்தத் தொழிலில் இருந்த ஆசை போய்விட்டது. சில வருஷங்களில் மாடியைக் காலி செய்துவிட்டு, மகன்கள் இருக்கிற சவூதிக்கே போனார். நான் சென்னைக்குப் போனேன். அங்கே என் மேலதிகாரி ஒருவர் ஒருமுறை கேட்டார், ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் துடைத்தெடுத்த புதுக் கணினியில்தான் சோதிப்பேன் என்று ஏன் அடம்பிடிக்கிறாய் என்று. நல்ல பழக்கம் என்றும் சொன்னார். அம்மா அந்த மண்டபத்தைப் பற்றிக் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாரைப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் வந்திருந்தேன். சாருக்குச் சர்க்கரை அதிகமாகி வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கரந்தையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், போகாமல் இருக்க மனம் வரவில்லை.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. "வாம்மா, சென்னைக்காரி," என்றார். அக்கா வாளியும் துணியுமாகக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

வெள்ளைத் தரை. கொல்லையிலிருந்து நாற்காலிவரை ஈரம் காயாமல் இருந்தது. நாற்காலிக்குக் கீழே மட்டும் இன்னும் துடைக்காத ஒரு கறை. குங்குமம் கொட்டிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவர் காலை நகர்த்தினார். கறை கூடவே இழுபட்டு வந்தது.

"சார், கால்ல ரத்தம் வருது சார்."

"எங்க?"

"இடது கால். அடியில."

குனிந்து பார்த்தார். வயிறு இடித்தது, பாதத்தின் அடி அவருக்குத் தெரியவில்லை. நான் உட்கார்ந்து தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன ஆணி, தலை வரை உள்ளே இறங்கியிருந்தது. சுற்றிலும் கறுத்து, வாடை அடித்தது. நான் தொட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அக்கா கொல்லைக் கதவில் வந்து நின்றார். துணியைப் பிழிந்து கையில் வைத்திருந்தார்.

"அக்கா, நீங்க பாக்கலையா?"

"தரை ஈரமா இருக்கு. பாத்து நடம்மா," என்றார். "காபி போடட்டுமா?"

நான்தான் ஆட்டோ பிடித்தேன். அடுப்பில் குக்கர் இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். மருத்துவமனையில் நர்ஸ் காலைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இது இன்னைக்கு நேத்து குத்துனது இல்லையே. இத்தனை நாளா வீட்ல யாரும் பாக்கலையா? நீங்க பொண்ணா?"

"இல்லீங்க. கூட வேலை பாத்தவ," என்றேன்.

டாக்டர் வந்து பார்த்தார். விரல்களோடு நிற்குமா, பாதத்தையே எடுக்க வேண்டுமா என்பது காலையில்தான் தெரியும் என்றார். சார் அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அலுவலகத்தில் ஒரு பிழையைத் துரத்தும்போது இருக்குமே, அந்த முகம். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ரத்தம் வந்திருக்குன்னா தரையில கறை இருந்திருக்கணும்."

அவர் தலையணையை நகர்த்திச் சரிசெய்தேன்.

"வெள்ளைத் தரை. நான் ஒருநாள்கூட கறையைப் பாக்கல. என் கண்ணுக்குத் தப்பாது, உனக்குத் தெரியும்ல?" என்றார். "நான் நடக்க நடக்க அவ பின்னாடியே துடைச்சிருக்கணும். அதிகம் இல்ல, ஒரு வாரம்."

கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உதடுகள் விரிந்தன. இத்தனை வருஷத்தில் எங்கள் யாருடைய வேலையைப் பார்த்தும் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் கண்டதில்லை.

"ஒரு வாரம்," என்றார் மறுபடியும். "நீயெல்லாம் சொல்லாம ஒரு நிமிஷம் தாங்க மாட்ட."

வார்டு வாசலில் அக்கா வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் துவைத்து மடித்த வேட்டி. சார் என் கையை எட்டிப் பிடித்து, அவசரமாக, தணிந்த குரலில் சொன்னார்:

"எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிடாத."